நாலாவது பாடம்

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அறிவியல் பிரிவு கிடைக்காது என்பது ரிசல்ட் வந்த அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை. தவளையை அறுக்க வேண்டாம், கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் என்று மூன்று பாடங்கள் தானாகவே வந்துவிடும். நாலாவதை மட்டும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரம்பலூரில் நான் படித்த பள்ளியில் அந்த நாலாவது இடத்துக்கு இரண்டு பாடங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று சிறப்பு ஆங்கிலம், இன்னொன்று அரபி. விண்ணப்பத்தில் ஏதாவது ஒன்றுக்கு நேராக டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கி ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு டிக். அதற்கு எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே என்னைப் பெற்ற அத்தா சவூதிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெரிய குடோனில் சாமான் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். பதினைந்து வயதுக்குள் அவரோடு இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது. என் படிப்புக்காக அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டில் அரியலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண் என் வகுப்புத் தோழி. அந்த வீட்டில் போன் இருந்தது. அத்தா வெள்ளிக்கிழமைதோறும் அந்த போனுக்குத்தான் கூப்பிடுவார்.

அம்மாவுக்கு இரண்டாம் யோசனையே இல்லை. "அரபிதான் ஒனக்குத் தெரியுமே. ஓதி முடிச்ச புள்ளக்கி அது என்னா பெரிய விஷயமா?" என்றாள்.

நான் பத்து வயதிலேயே குர்ஆனை முழுதும் ஓதி முடித்தவள். அன்றைக்கு ஊரில் எங்கள் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்கள். எனக்குப் புது உடுப்பு, தலையில் பூ. அதனால் எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் எனக்கு அரபி தெரியும் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் எனக்கு எழுத்து தெரியும், உச்சரிப்பு தெரியும், எங்கே நிறுத்தி எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரியும். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. அல்வா மாதிரி ஒரு பாடம், படிக்காமலே இருநூறுக்கு நூற்றித் தொண்ணூறு வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். பக்தி ஒன்றும் காரணமில்லை, சுத்தச் சோம்பேறித்தனம்.

வெள்ளிக்கிழமை அத்தாவிடம் சொன்னபோதுதான் வம்பு வந்தது.

"அரபி வேணாம்மா. இங்கிலீஷ் எடு" என்றார்.

"ஏன் அத்தா? ஒங்களுக்குத்தான் அரபி நல்லாப் பேச வருமே?"

"வரும். அதான் சொல்றேன். இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவன் உக்காந்து வேல பாக்குறான். அரபி தெரிஞ்ச நம்ம ஆளு நின்னுக்கிட்டு வேல பாக்குறான். நீ உக்காந்து வேல பாக்கணும்."

அத்தா அரபி பேசுவார், படிக்கத் தெரியாது. நான் அரபி படிப்பேன், பேசத் தெரியாது. நாங்கள் இருவரும் அதை அன்றுவரை ஒரு அதிசயமாக நினைத்ததே இல்லை.

போனை வாங்கிய அம்மா, "சரிங்க, இங்கிலீஷே போட்டுர்றோம்" என்று தேனாகப் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தில் அரபிக்கு நேராக என்னை டிக் போடச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டாள். "எங்கேயோ இருக்குற அவங்களுக்கு என்னாத்த தெரியும்? நாம படிக்கிறத நாம பாத்துக்குவோம். மார்க்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்." எனக்கு உறுத்தியது. ஆனால் நூற்றித் தொண்ணூறு கண்ணில் ஆடியது. வாயை மூடிக்கொண்டேன்.

அரபி வகுப்பில் நாங்கள் மொத்தம் ஐந்து பெண்கள். முதல் நாள் ஆசிரியர் பலகையில் ஒரு வரி எழுதி, யார் படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டையாக எழுந்தேன். துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை லேசாக மூடி, பத்து வயதில் கற்றுக்கொண்ட ராகத்தில் உருக்கமாக ஓதினேன். கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தியபோது வகுப்பே அமைதியாக இருந்தது.

"மாஷா அல்லாஹ், நல்லா ஓதுனீங்க. இதுக்கு என்னா அர்த்தம்?" என்றார்.

முழித்தேன்.

"கதவு திறந்திருக்கிறது. அவ்ளோதான்" என்றார் அவர்.

மற்ற நால்வரும் சிரித்த சிரிப்பு அடுத்த அறையின் சிறப்பு ஆங்கில வகுப்புக்குக்கூடக் கேட்டிருக்கும். என் தோழி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். என் நூற்றித் தொண்ணூறு அந்தக் கதவு வழியாகவே வெளியேறியது. அன்றிலிருந்து மற்ற பாடங்களைவிட அரபியைத்தான் நான் விழுந்து விழுந்து படிக்க வேண்டியிருந்தது. ஆனால் படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது. மூன்றாவது மாதத்தில் ஒரு வரியைப் பார்த்ததும் அர்த்தம் தானாக மனதில் வந்து நின்றபோது, ரொம்ப நாள் தெருவில் பார்த்துப் பேசாத ஒருவர் நின்று குசலம் விசாரித்தது போலச் சந்தோஷமாக இருந்தது.

அம்மாவுக்கு மட்டும் நான் படிப்பதெல்லாம் ஓதுவதுதான். காலையில் நான் பாடத்தைச் சத்தமாகப் படித்தால், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்வாள். நான் முடித்ததும் "ஆமீன்" என்பாள். ஒருநாள் நான் படித்தது, கழுதை ஆற்றில் தண்ணீர் குடிக்கிறது என்ற வரி. அதற்கும் ஆமீன் சொன்னாள்.

அதோடு போகாது. அத்தா அனுப்பும் சோப்பைச் சுற்றி வந்த அரபிப் பத்திரிகைத் தாளைக்கூட அம்மா கீழே போட மாட்டாள். கண்ணில் ஒற்றி, மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வைப்பாள். கால் பட்டுவிடக்கூடாது. அரைப் பரீட்சை முடிந்த லீவில் ஒட்டடை அடிக்க ஏறியபோது ஒரு தாளைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கோழிக்கறி விளம்பரம். அப்படியே மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தா வந்தார். எப்போதும் அவர் வருவதென்றால் ஊரிலிருந்து வேன் பிடித்து, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போவோம். இந்தத் தடவை, "யாரும் அலைய வேணாம், ரயில்ல அரியலூர் வந்து எறங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் நானும் மட்டும் அரியலூர் ஸ்டேஷனில் காத்திருந்தோம். ரயில் நின்றது. அத்தா இறங்கினார். ஒரு பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மட்டும் குறையில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் எனக்கு ஆத்திரமாக வந்தது. வழக்கமாக சென்ட், சாக்லேட், பேனா, துணி என்று கொட்டும். இந்தத் தடவை அட்டைப்பெட்டியில் இருந்தது முக்கால்வாசி அவருடைய சொந்தச் சாமான். இரண்டு கம்பளி, அடி கருகிய டீ கெட்டில், ஒரு சுவர்க் கடிகாரம், அழுக்கேறிய ஒரு தலையணை. "என்னாத்தா இது, பழைய சாமான் கடைய தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்துச் சமாளித்தார். அம்மா தலையணையை எடுத்து இரண்டு கையாலும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். மறுநாள் அதைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து அடித்து, புது உறை தைத்துப் போட்டாள்.

என் தலைவலி வேறு. அத்தாவைப் பொறுத்தவரை நான் சிறப்பு ஆங்கிலம் படிக்கிறேன். அவர் வீட்டில் இருக்கும்போது தோழியின் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிவந்து சத்தமாகப் படிப்பேன். எனக்குப் பாதி புரியாது. அவருக்கு முழுசும் புரியாது. ஆனால் நாற்காலியில் சாய்ந்து, கண் மூடி, கச்சேரி கேட்பவர் போலக் கேட்பார். அம்மா என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருநாள் திருச்சிக்குப் போய்விட்டு, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் வந்த கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி, சட்டையெல்லாம் கசங்கி வந்தார். பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு ஆங்கில அகராதியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒனக்குத் தேவப்படுமே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவர் கிளம்புகிற பேச்சைக் காணோம். வளைகுடாவிலிருந்து வந்தவரைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் சலாம் சொல்வார்கள், அடுத்து "எப்ப பயணம்?" என்பார்கள். வந்த மறுநாளே கேட்பார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலத்தான். அத்தா, "அடுத்த மாசம், இன்ஷா அல்லாஹ்" என்பார். அடுத்த மாசம் வந்ததும் மறுபடி அதையே சொல்வார். சில நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, ஏஜெண்டைப் பார்த்து வருவதாகச் சொல்லிப் போவார். பள்ளி விட்டு வரும்போது பாலக்கரை டீக்கடை பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதை இரண்டு முறை பார்த்தேன். நான் கூப்பிடவில்லை.

ஒருநாள் மாலை ஒரு விண்ணப்பத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது.

"திருச்சி ஏஜெண்டு குடுத்தாரு. நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, நீயே ரொப்பிக் குடு. வயச மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடு."

"பாஸ்போர்ட்டுல போட்டிருப்பாங்களே அத்தா?"

"ஆமால்ல?" என்று தலையைச் சொறிந்தார். பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அஸர் தொழுகைக்குக் கிளம்பிப் போனார்.

பாஸ்போர்ட் எண்ணை எழுதிய பிறகு சும்மா பக்கங்களைப் புரட்டினேன். பல வருஷத்து முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. கடைசி முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. அதற்குள் இரண்டு வார்த்தைகள். முதல் வார்த்தை எங்கள் பாடத்தில் வந்தது, வெளியே போவது. இரண்டாவது வார்த்தை ஆசிரியர் கொடுத்த பழைய முழுப்பரீட்சைத் தாள்களின் தலையிலேயே இருக்கும், இறுதியானது. பழைய முத்திரைகளைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் எல்லாம் வெளியே போவது, திரும்பி வருவது என்று இருந்தது. இதில் திரும்பி வருவது இல்லை.

அத்தாவை லீவில் அனுப்பவில்லை. ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். எங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? வேலை போனால் என்ன, தலையா போய்விட்டது? அப்புறம் அந்த டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அகராதி. கோபம் போய்விட்டது. அவரிடம் கேட்டுவிடலாம். ஆனால் எப்படித் தெரியும் என்பாரே. அரபி படித்தேன் என்று சொல்ல வேண்டும். அம்மா பொய் சொன்னாள், நான் பொய்யாகப் படித்துக் காட்டினேன், நீங்கள் கண் மூடிக் கேட்டது எல்லாம் பக்கத்து வீட்டுப் பாடம் என்று சொல்ல வேண்டும். வாங்கிக் கொடுத்த அகராதியைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் திரிந்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. இத்தனை மாதம் அவர் எங்களிடம் மறைத்ததை நான் எப்படி முதுகுக்குப் பின்னால் போட்டு உடைப்பது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "எப்ப பயணம் மச்சான்?" என்று கேட்டார்.

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடுத்த மாசம், இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்தக் குரலில் உயிரே இல்லை. மாமு அதைக் கவனிக்காமல் ஆணத்தை ஊற்றிக்கொண்டு கறித்துண்டைத் தேடினார்.

மாமு கிளம்பிப் போனதும் என் பையிலிருந்து அரபி நோட்டை எடுத்துவந்து அத்தாவின் மடியில் வைத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். பக்கம் பக்கமாக என் கையெழுத்து, வலமிருந்து இடமாக.

"என்னாம்மா இது? குர்ஆன் எழுதுறியா?"

"இல்ல அத்தா, பாடம். நான் இங்கிலீஷ் எடுக்கல. அரபிதான் எடுத்தேன். அது பக்கத்து வூட்டுப் புள்ளயோட புக்கு."

அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அத்தா திரும்பத் திரும்ப நோட்டைப் புரட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருடைய கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப... அன்னிக்கி பாஸ்போர்ட்ட..."

"படிச்சேன் அத்தா."

அவர் நோட்டை மூடினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார். அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுக்குப் போயி என்னாங்க? எனக்கு வந்த அன்னிக்கே தெரியும்."

அத்தா துண்டை எடுத்தார். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? லீவுல வர்றவுக யாராச்சும் தலையணைய தூக்கிட்டு வருவாகளா? போயி எதுல படுப்பீக?"

நானும் அத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரபி பேசத் தெரிந்தவர் ஒருவர், படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி. அட்டைப்பெட்டியைத் திறந்த அன்றைக்கே விஷயத்தைத் தெரிந்துகொண்டவள் இரண்டும் தெரியாத அம்மா.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றார் அத்தா.

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். வெளிய ஆயிரம் பேரு எப்ப போறீக, எப்ப போறீகன்னு கேக்குறான். வூட்டுலயும் ஒருத்தி கேக்கணுமா?"

அத்தா தலை குனிந்தபடியே, குடோனை மூடிவிட்டதையும், சின்ன வயசுக்காரர்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டதையும் நாலே வரியில் சொன்னார். சொல்லி முடித்ததும் தோள் இறங்கி லேசானது. என் பக்கம் திரும்பி, "இத்தன நாளு கண்ண மூடிக் கேட்டேனே, எல்லாம் பொய்யா?" என்றார்.

"அகராதி பொய் இல்லத்தா. படிச்சுர்றேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும்.

பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்தார். கடைசி முத்திரையைத் தேடி விரித்து என் முன்னால் பிடித்தார்.

"படி, கேப்போம். ஆபீஸ்காரன் வாயால சொன்னான், கேட்டுக்கிட்டேன். எந்த எழுத்து என்னான்னு இன்னும் எனக்குத் தெரியாது."

என்னையறியாமல் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அம்மாவும் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். "குரூஜ் நிஹாயி" என்று படித்தேன். பழக்கதோஷத்தில் ராகம் வந்துவிட்டது.

"கடைசியாப் போறதுன்னு அர்த்தம்" என்று அத்தா அம்மாவிடம் சொன்னார். "போயிட்டா, திரும்ப அங்க வர முடியாதுங்குறான்."

அம்மா இரண்டு கைகளையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டாள்.

"ஆமீன்" என்றாள்.